லங்காவி மண்

தாம்பாளத்தில் மஞ்சள் துணியை விரித்து, மனை கம்பெனிக்காரன் கஜபதி அந்த மண்ணைக் கொட்டினான்.

இரண்டு கையளவுதான் இருந்தது. விமானத்தில் அதற்குமேல் விடமாட்டார்கள் என்றான்.

கூடத்தில் நிற்க இடமில்லை. அம்பத்தூரில் அந்தத் தெருவே வந்திருந்தது. வெளிநாட்டில் வீடு வாங்கியவனை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

தேவராஜ் தன் எஸ்டிடி பூத்தைப் பூட்டிவிட்டுப் புது வேட்டியில் நின்றான். கையில் வழவழப்பான வண்ணத்தாள். அதில் நீலக் கடல், சாய்ந்த தென்னைகள், கட்டைக் கால்கள்மேல் ஒரு வீடு. மலேசியாவில் லங்காவி என்கிற தீவு. வெள்ளைக்காரர்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் போனால் கிட்டே நெருங்க முடியாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். கோடைக்கு இவர்கள் போய்த் தங்கலாம். மற்ற நாட்களில் கம்பெனியே வாடகைக்கு விட்டுக்கொள்ளும்.

அவனிடம் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பித்திருந்தான்.

பூமி பூஜை போடாமல் அஸ்திவாரம் எடுக்கக் கூடாது என்றவன் அவன்தான். அத்தனை பேரும் தீவுக்குப் போவது எப்படி? மனையின் மண்ணைக் கொண்டுவந்தால் போதும், பூஜையை இங்கே முடித்துவிட்டு அங்கே திரும்பப் போட்டுவிடலாம் என்று கஜபதி வழி சொன்னான். வெளிநாட்டில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம்.

தேவராஜின் மனைவி தாட்சாயிணி விளக்கருகில் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி துலுக்கானம் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"இன்னா மாமே, கடலோரம்னு சொன்ன. மண்ணு நம்ம ஏரிக்கரையாட்டம் கீது?"

சிரித்தார்கள். கஜபதியும் சிரித்தான். அது மலைச்சரிவு, மணலெல்லாம் கீழே என்றான். இவனுக்கு எந்த தேசத்தைக் காட்டினாலும் ஆவடியாகத்தான் தெரியும் என்று தேவராஜ் மைத்துனன் தலையில் தட்டினான். மறுபடி சிரித்தார்கள்.

தாட்சாயிணி சிரிக்கவில்லை.

தீவு வீட்டுக்கு ஈடாகக் கொடுத்தது அவளுடைய நிலம். வேப்பம்பட்டில், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், அவள் அப்பா எழுதிவைத்தது. அதை ஒட்டித் துலுக்கானத்தின் பங்கு. அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீவு வீட்டுக்கு மாடி இனாம் என்று கஜபதி சொல்லியிருந்தான். பூஜை முடியட்டும், பார்க்கலாம் என்றிருந்தான் துலுக்கானம்.

பத்திர ஆபீசில் பேனாவை வாங்கிக்கொண்டு தாட்சாயிணி ஒன்று மட்டும் கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் மனை போடுங்கள், பூவரச மரத்து மூலையைத் தோண்டக் கூடாது.

கஜபதி காரணம் கேட்கவில்லை. அந்த மூலையைப் பூங்காவாக விட்டுவிடுகிறேன் அண்ணி, மண்வெட்டியே படாது என்றான். வெளியே வந்ததும் தேவராஜும் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

அதன்பிறகு அவள் வேப்பம்பட்டுக்குப் போகவில்லை.

கற்பூரம் ஏற்றியாயிற்று. வீட்டுக்காரி கையால் நவதானியத்தை மண்ணில் கலக்க வேண்டும் என்றார் பூசாரி. அவள் குனிந்து கலந்தாள்.

விரலில் ஏதோ உருண்டது.

எடுத்தாள். பித்தளை மணி. சுண்டைக்காயைவிடச் சிறியது. பச்சை பிடித்திருந்தது. துளையில் மண் அடைத்திருந்தது. உடம்பைச் சுற்றி மூன்று வரிகள்.

குழந்தையின் அரைஞாணில் கோப்பதாச்சே என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

கஜபதி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான். துலுக்கானம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தான்.

தேவராஜ் குனிந்து அவள் உள்ளங்கையிலிருந்து மணியை எடுத்தான். கட்டைவிரலால் துடைத்தான். விரல் மூன்று வரிகளின் மேலும் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது.

பிறகு எல்லோருக்கும் தெரியும்படி அதைத் தூக்கிக் காட்டினான்.

"பாத்தியா மச்சான்? அங்கயும் நம்ம ஜனம் கீது."

கஜபதி அதைப் பிடித்துக்கொண்டான். அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்குப் போனவர்கள் எல்லாம் யார், நம் ஆட்கள்தானே என்றான். தீவில் இட்லிகூடக் கிடைக்கும் என்றான். யாரோ நல்ல சகுனம் என்றார்கள். யாரோ கை தட்டினார்கள்.

துலுக்கானம் தன் பங்கையும் எப்போது எழுதிக்கொடுக்கலாம் என்று கேட்டான். வளர்பிறையில் வைத்துக்கொள்ளலாம் என்றான் தேவராஜ்.

மணியை மண்ணில் போட்டான். விரலால் உள்ளே அழுத்தினான். மேலே மண்ணைத் தள்ளி மூடி, தட்டிச் சமன் செய்தான்.

"இன்னாமே பாத்துகினு கீற? பாலை ஊத்து."

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொம்பை எடுத்து ஊற்றினாள்.

பிள்ளை பிறந்தபோது அவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். கடையில் விற்கிற மணி இடுப்பில் குத்தும் என்று, மிஞ்சிய பித்தளைத் துண்டைத் தானே கடைந்து, மூன்று வரி போட்டு, டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துவந்தான்.

அந்த மழைக்காலத்தில், பூவரச மரத்தடியில், குழிக்குள் இறங்கிப் பிள்ளையைக் கையில் வாங்கியவன் அவன்தான்.

அரைஞாணை அறுக்க வேண்டாம், அதோடேயே இருக்கட்டும் என்றவனும் அவன்தான்.