உயரமான சீட்

"வயசானவங்க எல்லாம் இந்தக் காரைத்தான் கேக்குறாங்க, சார். சீட் உயரம். ஏறி இறங்க முட்டி வலிக்காது," என்றான் பின்சீட்டில் இருந்த விற்பனையாளன்.

பெரியவர் காரைச் சீராக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மனைவிக்குத்தான் வாய் ஓயவில்லை.

"ஆமாங்க, இதுல உக்காந்தா ரோடு எனக்கு நல்லாத் தெரியுது. இடது பக்கம் லாரி வருது, மெதுவா. ம், இப்ப நேராப் போங்க."

விற்பனையாளனுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. சார் நிம்மதியா ஓட்டட்டும்."

அந்த அம்மாள் முகம் சிவந்து, அவனை முறைக்கப் பின்னால் திரும்பினார்.

கார் வேகமெடுத்தது.

பெரியவர் நேரே பார்த்தபடி கேட்டார்:

"என்னம்மா, பேச்சையே காணோம்? முன்னாடி யாராவது நிக்கிறாங்களா?"