கசிவு

உலை ஆறியதும் அவள் குவார்ட்ஸ் குழாயைத் திறந்தாள்.

சிலிக்கான் வில்லையின் மேல் கறுப்பு. பூச்சு இல்லை. வெல்வெட்டைப்போல நிமிர்ந்து நின்றது.

கார்பன் நானோ குழாய்கள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. எடைக்கு எடை பார்த்தால் வலிமையில் எஃகு தோற்றுப்போகும். நாற்றங்கால்போல நெருக்கியடித்து, இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்திருந்தன.

ஆகஸ்டில், மழை பெய்த ஒரு வாரத்தில், ஒரே ஒரு முறை இப்படி வளர்ந்தது.

மறுநாள்தான் குவார்ட்ஸ் குழாய் முனையின் ரப்பர் வளையத்தில் வெடிப்பைப் பார்த்தாள். வெளிக்காற்று கசிந்துகொண்டிருந்தது. அன்றே துறைத் தலைவருக்கு இரண்டு வரி எழுதினாள்.

‘ஆய்வக உதவியாளர் செபஸ்தியானின் கவனக்குறைவால் சோதனைகள் பாழாகின்றன.’

மாதாமாதம் நீட்டிக்கப்படும் தற்காலிக வேலை அது. செப்டம்பரில் நீட்டிக்கவில்லை.

புது வளையம் வந்தது. துளிக் கசிவு இல்லை.

ஐந்து மாதம் வெறும் புகைக்கரிதான் படிந்தது.

போன வாரம்தான் அவளுக்கு உறைத்தது. குழாய்கள் முளைப்பது இரும்புத் துகள்களிலிருந்து. அவற்றை மூடிவிடும் கரியை ஈரம் அரித்துவிடும். ஆகஸ்டில் அந்த ஈரம் கசிவு வழியாகத்தான் வந்திருக்கிறது. இன்று வாயுவைத் தண்ணீர்ப் புட்டி வழியாக விட்டாள், வேண்டுமென்றே.

வளர்ந்துவிட்டது.

செபஸ்தியானைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லலாம். அதற்கு முதலில், அன்று எழுதியது தவறு என்று எழுத வேண்டும்.

கைபேசியை எடுத்தாள். தூத்துக்குடியில் ஐஸ் பேக்டரி ஒன்றில் இருப்பதாகக் கேள்வி.

“மேடம்! நான் இல்லாம உலை பத்த மாட்டேங்குதா?” சிரித்தார். பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.

“அண்ணே, குழாய் வளந்திருச்சு.”

“வந்திருச்சா! எவ்வளவு உயரம்?”

“ரெண்டு மில்லிமீட்டர்.”

“யம்மாடி!”

அவளுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்தது.

அவர் முந்திக்கொண்டார்.

“அந்த வளையத்த நான் ஒழுங்காப் பாத்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். எம்மேலதான் தப்பு. உங்களுக்கு இத்தன மாசம் வீணாப் போச்சு. மனசுல வச்சுக்கிடாதீங்க மேடம்.”

அடுத்த அறையில் துறைத் தலைவரின் குரல் கேட்டது. யாரிடமோ அவள் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பரவாயில்லண்ணே,” என்றாள்.