ஹோஸ்ட்: சக்கரபாணி

மாலை ஆறரை மணி, மூன்று அறைகள், ஒரு சக்கரபாணி. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருந்த அந்தச் சின்ன விடுதியின் மொத்தக் கணக்கு அவ்வளவுதான்.

மனைவி உண்ணாமலையும் உண்டு. ஆனால் வாசலில் இருந்த பித்தளைத் தகட்டில் ‘ஹோஸ்ட்: சக்கரபாணி’ என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இணையத்தில் அறை பிடித்துத் தரும் நிறுவனம் கொடுத்த தகடு. மூன்று அறைகளும் அந்த நிறுவனம் அனுப்பும் ஆட்களால்தான் ஓடின.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா சார்?" என்று கேட்டாள் தென்றல். சென்னையில் ஆங்கில-தமிழ் அகராதி ஒன்றைத் திருத்தும் வேலையில் இருப்பவள். மார்கழிப் பௌர்ணமிக்கு அறை எடுத்திருந்தாள்.

"வூட்டுக்காரன்னு அர்த்தம். வேற இன்னா?"

"மூணு அர்த்தம் இருக்கு. மூணுக்கும் மூணு லத்தீன் வேர். எங்க ஆபீஸ்ல இப்ப அந்த ஒரு வார்த்தையிலதான் ஒரு வாரமா நிக்கறோம்."

"ஒரு வார்த்தைக்கு ஒரு வாரமா?" சக்கரபாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க மேடம்."

"முதல் அர்த்தம் நீங்க சொன்னதுதான். விருந்தாளிய வரவேற்கறவர். ஆனா லத்தீன்ல வர்றவருக்கும் வரவேற்கறவருக்கும் ஒரே பேரு. ஓட்டல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் குடும்பம்தான்."

"ஆஸ்பத்திரியுமா? அதான் அங்கயும் ரூம் வாடகை போடறான்."

தென்றல் சிரித்தாள். "ரெண்டாவது, பெரும்படை. அதோட வேருக்கு முதல்ல வெளியூர்க்காரன்னுதான் பொருள். போகப் போக எதிரின்னு ஆயிடுச்சு."

"வெளியூர்க்காரன் எப்படி மேடம் எதிரி ஆவான்?"

அவள் பதில் சொல்வதற்குள் கேட்டைத் தட்டும் சத்தம். வெறுங்காலோடு இரண்டு பெண்கள். நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அண்ணா, கொஞ்சம் பாத்ரூம் போவணும். அஞ்சே நிமிசம்."

சக்கரபாணி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"இங்கெல்லாம் கிடையாது! ரூம் எடுத்தவங்களுக்கு மட்டுந்தான்! வேணும்னா அந்த முருங்கமரத்துச் சந்துல போங்க!"

கேட்டை இழுத்துத் தாழ் போட்டார். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சந்துப் பக்கம் நடந்தார்கள்.

"மூணாவது அர்த்தம் இன்னா மேடம்?"

"அப்புறம் சொல்றேன்." தென்றல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தம் விடவில்லை. "கிடையாது! சந்துல போங்க!" ஒவ்வொரு முறையும் அவள் ஜன்னலுக்கு நேராக நின்றே கத்தினார்.

போனை எடுத்தாள். ஒற்றை நட்சத்திரத்தை அழுத்தினாள். ‘பெண்களைச் சந்துக்கு அனுப்பும் மனிதர்’ என்று எழுதினாள். அனுப்பும்முன், அந்தச் சந்தை ஒரு படம் எடுத்துப் போட்டால் நல்லது என்று தோன்றியது. வெளியே வந்து சந்துக்குள் திரும்பினாள்.

உள்ளே பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் முடிவில் முருங்கைமரம். அதையொட்டி ஒரு தகரக் கதவு, மேலே ஒரு பல்பு. கதவருகே வாளியோடு உண்ணாமலை.

"ஒருத்தர் வந்ததும் ஒருத்தர் போங்கம்மா. தண்ணி ஜாஸ்தியா ஊத்துங்க."

தென்றல் எட்டிப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சக்கரபாணி வீட்டுக் கொல்லை.

"இது உங்க வீடா?"

"வேற யாரு வூடு?"

"அப்புறம் ஏன் அவரு முன்னாடி நின்னு அந்தக் கத்து கத்தறாரு?"

"ரூம்ல இருக்கறவங்க காதுல விழணும் இல்ல? போன மாசம் ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு, கண்டவங்களுக்கும் கக்கூசான்னு. அதான், கத்தறது அவரு, கதவு தொறக்கறது நானு." உண்ணாமலை அடுத்த வாளியை நகர்த்தினார். "இவங்களும் எங்கதாம்மா போவாங்க?"

"சண்டைக்கு வந்தவரு கெடக்கறாரு. நான் எழுதறேன் பாருங்க" என்றாள் தென்றல்.

"என்னாத்துக்கும்மா? வுடுங்க."

தென்றல் விடவில்லை. ஒற்றை நட்சத்திரத்தை அழித்து ஐந்தாக்கினாள். முன்வாசல் கூச்சல், சந்து, தகரக் கதவு, வாளி எல்லாவற்றையும் எழுதினாள். ‘அகராதியில் ஹோஸ்ட் என்ற சொல்லுக்கு நேராக இவர்களைத்தான் போட வேண்டும்’ என்று முடித்தாள். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

நிறுவனமும் படித்தது. பதிவு செய்யாத வெளியாட்களை உள்ளே அனுமதித்ததாக, அந்தச் சண்டைக்காரரின் புகாருக்குப் பிறகு இது இரண்டாவது தகவல் என்று காரணம் சொல்லி, பொங்கல் முடிந்த மறுவாரம் சக்கரபாணியின் பெயரை நீக்கியது.

தென்றல் போன் செய்தாள். "நல்லது பண்றதா நெனச்சுத்தான் சார்..."

"தெரியும் மேடம். படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. தகட்டைத் திருப்பி அனுப்பணுமாம், கழட்டிக்கினு இருக்கேன்." ஸ்க்ரூ ஒன்று தரையில் விழும் சத்தம். "ஆமா, அந்த மூணாவது அர்த்தத்தைச் சொல்லவே இல்லையே?"



"சர்ச்சுல குடுக்கற அப்பம் சார். வேர்ல பாத்தா பலின்னு பொருள். பலி கொடுக்கற உயிர்."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "ஏ உண்ணாமல, இங்க வந்து கேளேன் இத!"

"ரூமுக்கு இனிமே என்ன சார் பண்ணுவீங்க?"

"பாக்கணும். கஷ்டந்தான்." சக்கரபாணி கனைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் லாபம் மேடம். இனிமே தொண்ட வலி இல்ல."

பிப்ரவரி ஒன்றாம் தேதி, தைப்பூசப் பௌர்ணமி. மாலை ஆறரை மணிக்குச் சக்கரபாணி வீட்டு முன்கேட் திறந்து வைக்கப்பட்டது.