ஐம்பது குண்டுகள்

பன்றி சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் புதுப்பிக்கப் போன சடையன், மிச்சமிருந்த கருமருந்தையும் ஈயக் குண்டுகளையும் சட்டப்படி போலீஸ் ஏட்டின் மேசைமேல் வைத்தார். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பார்கள். ஏட்டு மருந்தை நிறுத்தார், குண்டுகளை எண்ணினார்.

“மருந்து தீரப்போவுது. குண்டு அம்பதும் அப்படியே இருக்கே பெரியவரே? வருஷம் பூரா வெறுஞ்சத்தந்தான் போட்டீங்களா?”

சடையன் குண்டுகளை அள்ளிக்கொண்டு கிளம்பினார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து குழலில் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துத் தருபவள் அவர் மனைவி வெள்ளச்சிதான். ஒரு பன்றியும் விழாததற்கு அவர் தன் குறியையே நொந்துகொண்டிருந்தார். மலையேறும்போதுதான் நினைவு வந்தது. போன தடவை உரிமம் புதுப்பிக்கும் முன், மழைக்காலத்தில், கிழங்கு பிடுங்கக் குனிந்திருந்த அவளையே பன்றியென்று குறி பார்த்திருந்தார். நல்லவேளையாக அவள் இருமினாள்.

அன்று பொழுது சாய மரவள்ளிக்குள் சலசலப்பு கேட்டது. வெள்ளச்சி துப்பாக்கியைக் கெட்டித்து நீட்டினாள்.

“குண்டு போட்டியா?”

“போடாமயா குடுப்பேன்?”

அவர் மூச்சடக்கி, எப்போதையும்விட நேரமெடுத்துக் குறி பார்த்துச் சுட்டார்.

“இன்னைக்கும் தப்பிருச்சு புள்ள.”

“நூலிழையிலதான் தப்பிச்சுது” என்று அவர் கன்னத்துக் கரியை முந்தானையால் துடைத்தாள்.

அவள் உள்ளே போனதும் சடையன் இடுப்பில் ஒளித்து முடிந்திருந்த ஒரு குண்டை எடுத்தார். அடுத்த வருஷம் ஏட்டு எண்ணும்போது குறைந்திருக்க வேண்டுமே என்று அதைக் காட்டுக்குள் வீசினார்.