சென்னையை ஜெயித்த மழை

மொட்டை மாடியில் வைத்திருந்த மழைமானியை, அளவு பார்க்கும் முன்பே நானே காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டேன். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், யார் ஊரில் அதிக மழை என்று தினமும் போட்டி. எங்கள் காரைக்குடி சென்னையை ஜெயிக்கிற அன்று, சென்னையில் இருக்கும் மகள் உமையாளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொள்வேன். என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவளிடம் வேறென்ன பேசுவது? ஐப்பசி பிறந்ததிலிருந்து நான் அதிகம் தோற்றதில்லை. ஆனால் தூங்கிவிட்டால் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

“தெய்வானை, விடியக்காலம் செடிக்குத் தண்ணி ஊத்த மாடிக்குப் போனியே, மழைமானியில எவ்வளவு இருந்துச்சு?” என்றேன் மனைவியிடம்.

“நாற்பத்தஞ்சு மில்லிமீட்டர்னு போடுங்க.”

“போடுறதா? உள்ளதைச் சொல்லு.”

“உமையாளுக்கு நாற்பதுதான். அப்புறம் என்ன?”

“அவ இன்னும் குழுவில போடவே இல்லையே. உனக்கு யார் சொன்னா?”

தெய்வானை அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அவதான். தெனமும் எங்கிட்டதான் முதல்ல சொல்லுவா. அதுக்கு மேல வர்ற மாதிரி நான் சொம்பால ஊத்தி வச்சிருவேன். ராத்திரி இங்க பெஞ்சது வெறும் தூறல்தான். நீங்க ஜெயிச்ச அன்னைக்கு மட்டும்தானே பிள்ளைகிட்டப் பேசுறீக?”