வேணி மேல் ஒரு மொட்டைக் கடிதம்

உறையைப் பிரித்ததுமே ஸ்ரீவித்யாவுக்குத் தெரிந்துவிட்டது. மொட்டைக் கடிதம். ஏதோ ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தது.

'இரண்டாம் வருட பி.காம். மாணவி வேணி கல்லூரியை ஏமாற்றுகிறாள். அவள் அப்பாவுக்கு மண்ணச்சநல்லூரில் சொந்தமாக ரைஸ் மில் இருக்கிறது. தினமும் இலவச பஸ்ஸில் வருகிறாள். ஆனால் செலவுப் பட்டியலில் பஸ்ஸுக்கு ஆறாயிரம் ரூபாய். அவள் உதவித்தொகையை உடனே ரத்து செய்யவும்.'

ஸ்ரீவித்யா அந்தக் கல்லூரியில் காமர்ஸ் பேராசிரியை. உதவித்தொகைக் கமிட்டியும் அவள் பொறுப்பு. யார் சொன்னாலும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை.

"இருதயநாதன் சார், வேணி ஃபைலை எடுங்க."

ஆபீஸ் கிளார்க் இருதயநாதன் எடுத்து வந்தார். ஃபீஸ், புத்தகம், பஸ், மதியச் சாப்பாடு என்று ஒரு வருடச் செலவுக்குக் கல்லூரி ஒரு பட்டியல் போடும். வீட்டால் முடிந்ததைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய மாணவிகள் நிதி கட்டும். இந்த வருடம் பதினொரு பேருக்குத்தான் பணம் இருந்தது. பதினொன்றாவது பெயர் வேணி.

பட்டியலில் பஸ்ஸுக்கு ஆறாயிரம் என்றுதான் இருந்தது. அப்பா: மருதை. தொழில்: மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் சுமை தூக்குபவர்.

"மில் வெச்சிருக்கறவர் மூட்டை தூக்கறேன்னு எழுதுவாரா? நானே போய்ப் பாத்துடறேன்."

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பாமல், ஸ்கூட்டரைக் கொள்ளிடம் பாலம் தாண்டி நேரே மண்ணச்சநல்லூருக்கு விட்டாள்.

மில் வாசலில் விசாரித்தாள். "இங்க மருதைங்கறவரு..."

"அதோ, லாரியில மூட்டை ஏத்தறாரு பாருங்க."

உடம்பெல்லாம் தவிடு அப்பிய ஒரு மனிதர், அவள் கழுத்தில் தொங்கிய காலேஜ் அட்டையைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு ஓடி வந்தார்.

"காலேஜ்லேருந்தா வர்றீங்க? எம் பொண்ணு ஏதாச்சும் தப்புப் பண்ணிடுச்சாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

திரும்பி வரும்போது ஸ்ரீவித்யாவுக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கடிதம் பொய். சரி, இந்தப் பொய்யால் லாபம் யாருக்கு?

மறுநாள் காலையில் முதல் கேள்வியே அதுதான்.

"வேணிக்கு ரத்தானா அடுத்து யாரு சார்?"

"பன்னெண்டாவது பேரு பெலிண்டா மேடம். பாலக்கரைப் பொண்ணு. அப்பா பெயிண்டர். சாரத்துலேருந்து விழுந்து அஞ்சு மாசமாப் படுக்கையில இருக்காரு. போன வாரம் டி.சி. கேட்டு மனு குடுத்திருக்கு."

"வேணி பட்டியல்ல பஸ்ஸுக்கு ஆறாயிரம்னு வெளியில யாருக்குத் தெரியும்? அவ ஃபாரம் குடுக்க வந்தப்போ கூட யாரு இருந்தா?"

இருதயநாதன் தயங்கினார். "பெலிண்டாதான் மேடம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க."

"அப்புறம் என்ன? வரச் சொல்லுங்க அவளை."

பெலிண்டா வந்து நின்றாள். ஸ்ரீவித்யா கடிதத்தை மேஜையில் தள்ளினாள்.

படித்த பெலிண்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் எழுதல மேடம். வேணி என் ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டுக்குத்தானே எந்த பஸ்ல வர்றான்னு தெரியும்?"

"சத்தியமா நான் இல்ல மேடம்."

"டி.சி. கேட்டிருக்கே. இது ரத்தானா அந்தப் பணம் உனக்குத்தான் வரும். வேற யாருக்கு இதுல அக்கறை?"

பெலிண்டாவுக்குக் கண்ணீர் வந்தது. அந்த அழுகையையும் ஸ்ரீவித்யா நம்பவில்லை. உதவித்தொகைப் பெயர்ப் பட்டியலை இழுத்தாள். பெலிண்டா பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தாள்.

"மேடம்! வேண்டாம் மேடம்!"

வாசலில் வேணி. மாடிப்படி ஏறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"பெலிண்டாவைக் கூப்பிட்டாங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த லெட்டர எழுதினது நான்தான் மேடம்."

"உன்மேல நீயே எழுதினியா? யாருகிட்ட கதை விடறே?"

"பஸ் விஷயம் மட்டும் நிஜம். அதுவும் நான் கேக்கல, ஆபீஸ்ல எல்லாருக்கும் அப்படித்தான் போட்டாங்க. மில்லு இருக்குன்னாத்தான் ரத்து பண்ணுவீங்கன்னு அந்தப் பொய்யை எழுதினேன். எனக்கு மாமா ஃபீஸ் கட்டறேன்னு சொல்லிட்டாரு. அவளுக்கு யாரும் இல்ல மேடம். இந்த மாசத்தோட நின்னுடுவா."

"பைத்தியக்காரி! எனக்கு வேண்டாம், அவளுக்குக் குடுங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சு போச்சே?"

"கேட்டேனே மேடம். இருதயநாதன் சாரைக் கேளுங்க."

இருதயநாதன் தலையாட்டினார். "கேட்டுச்சு மேடம். ஸ்டூடண்ட் தானா விட்டுக்குடுத்தா பணம் நிதிக்கே திரும்பிடும், பொய்த் தகவல்னு ரத்தானாத்தான் அடுத்த பேருக்குப் போகும்னு ரூலைச் சொன்னேன். இப்படிப் பண்ணும்னு நினைக்கல."

பெலிண்டா வேணியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீவித்யா பேனாவை மூடினாள்.

"பெலிண்டா பேர் லிஸ்டுல இருக்கும். பணமும் அவளுக்கு வரும். அதுக்கு நான் பொறுப்பு. உன்மேல எந்தக் கெட்ட பேரும் வராது. ரெண்டு பேரும் கிளாஸுக்குப் போங்க."

வாசல் வரை போன வேணி திரும்பினாள்.

"விட்டுக்குடுத்தா அடுத்த பேருக்குப் போகாதுன்னு ஏன் மேடம் ரூல் போட்டாங்க?"

இருதயநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஸ்ரீவித்யா கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள்.

'இந்தப் பொண்ணுங்களை நம்ப முடியாது, தங்களுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டு நம்மை ஏமாத்துவாங்க' என்று போன வருடம் கமிட்டியில் சண்டை போட்டு அந்த ரூலைக் கொண்டுவந்தவளே அவள்தான்.