காலிக் கட்டம்

"சீக்கிரம் அண்ணி. ஆறு நிமிஷத்துல செய்தி அழிஞ்சிடும்." ஜெசிந்தா பரபரத்தாள்.

மூழ்கிய கப்பலில் இருந்த அவள் அண்ணனைப் பற்றிய செய்தி, அண்ணி பெனிட்டாவின் கைபேசியில் பூட்டிக் கிடந்தது. உயிரோடு இருந்தால் என்ன செய்வீர்கள், இறந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் இப்போதெல்லாம் எந்தச் செய்தியும் திறப்பதில்லை.

"இந்தப் புரோகிராமை எழுதினதே நீங்கதான். இப்ப நீங்களே முழிக்கிறீங்க."

"ஒண்ணு எழுதிட்டேன். இன்னொண்ணுக்கு என்ன எழுதுறதுன்னே தெரியல."

"அதை எழுத எந்தப் பொண்டாட்டிக்குக் கை வரும்? குடுங்க, நான் எழுதுறேன்."

ஜெசிந்தா கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். காலியாக இருந்தது, 'உயிரோடு இருந்தால்'.

'இறந்திருந்தால்' என்பதன் கீழே பெனிட்டா எழுதியிருந்தாள்: 'இனி அறைக்கதவைத் தாழிடாமல் தூங்குவேன்.'